வேன் கூரையில் சோலார் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் கேம்பர் வேன் பற்றித்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. வேனுக்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கே தொடங்கினாலும் கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: கூரையில் சோலார் பேனல் போடுவதா, வேண்டாமா? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

நானும் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், சின்ன கிச்சன் எல்லாம் செய்திருக்கிறோம். சமையல் கேஸ் அடுப்பில். 45 லிட்டர் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், நான்கு விளக்கு, தண்ணீர் மோட்டார், மிக்ஸி, ஒரு லேப்டாப், இரண்டு போன். இவ்வளவுதான் கரண்ட் கேட்கும் சாமான்கள். பாடி பில்டர் "400 வாட் பேனல் போட்டுடலாம் சார், ஏசியே ஓடும்" என்கிறார். மகன் "தண்டச் செலவுப்பா" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– பொள்ளாச்சி வாசகர்

ஏசியை முதலில் முடித்துவிடுவோம் சார். ஓடாது. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, தகரக் கூரை வேனில் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால், எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும் நாலைந்து யூனிட் இழுத்துவிடும். 400 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டைத் தொட்டால் பெரிய விஷயம். அது வருவதும் பகலில், ஏசி வேண்டியது ராத்திரியில், அதனால் அந்த நாலைந்து யூனிட்டையும் பிடித்து வைக்க ஒரு பெரிய பேட்டரி வேண்டும், அதை நிரப்ப இன்னும் மூன்று மடங்கு பேனல் வேண்டும், அதற்கு உங்கள் கூரையில் இடம் கிடையாது. ஏசி வேண்டும் என்றால் பிளக் பாயின்ட் உள்ள இடமாகப் பார்த்துத் தங்குங்கள். பாடி பில்டர் மரவேலை நன்றாகச் செய்திருப்பார், கரண்ட் விஷயத்தில் அவர் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

சரி, மற்ற சாமான்களுக்கு வருவோம். வீட்டு இபி கணக்கு போலவே யூனிட்டில் பார்க்கலாம். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் வாட் ஒரு மணி நேரம். உங்கள் பட்டியலில் அதிகம் சாப்பிடுவது மிக்ஸி இல்லை, ஃப்ரிட்ஜ். ஓடும்போது ஐம்பது வாட் சுமாருக்குத்தான் இழுக்கும், ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அது அடிக்கடி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு அரை யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு 12 வோல்ட் ஃபேன், ராத்திரி முழுக்க, கால் யூனிட். விளக்கு, போன், லேப்டாப், மோட்டார் எல்லாம் சேர்ந்து 0.2 யூனிட்டுக்குள் அடங்கும். மிக்ஸி 500 வாட், 750 வாட் என்று பயமுறுத்தினாலும் சட்னிக்கு ஐந்து நிமிஷம் ஓடினால் 0.06 யூனிட்தான். மொத்தத்தில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட்தான் ஆகிறது. வீட்டில் அரசு இலவசமாகத் தரும் நூறு யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும் வாழ்க்கை இது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மிக்ஸிக்காக வைத்த பெரிய இன்வெர்ட்டரை நாள் முழுக்க ஆன் செய்தே வைத்திருந்தால், எதுவும் ஓடாதபோதும் அது தனக்கென்று 15, 20 வாட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இருபத்து நாலு மணி நேரத்தில் அதுவே கிட்டத்தட்ட ஒரு ஃப்ரிட்ஜ் செலவு. சட்னி ஆனதும் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள்.

இந்த ஒரு யூனிட் எங்கிருந்து வரும்? இங்கேதான் நான் உங்களைத் திருப்பிக் கேட்க வேண்டும்: ஒரு இடத்தில் எத்தனை நாள் நிற்பீர்கள்? வெயில் எவ்வளவு அடிக்கிறது என்பதை வைத்து எல்லோரும் முடிவு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமா என்ன, கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையமே 2016-லிருந்து நிற்கிறது. ஆனால் உங்கள் வேனின் இன்ஜினுக்குள் ஏற்கெனவே ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது, ஆல்டர்னேட்டர். அதிலிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் போட்டு வீட்டுச் சாமான்களுக்கான பேட்டரிக்கு இழுத்தால் 400 வாட் சுமார் வரும். இரண்டரை மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட் முடிந்தது. 150 கிலோமீட்டர் போக நம் ரோட்டில் எப்படியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், மழையோ மேகமோ அதற்குக் கணக்கில்லை.

ஆக, பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி இன்று பழனி, நாளை மதுரை, மறுநாள் ராமேஸ்வரம் என்று தினமும் வண்டி நகர்கிறது என்றால் பேனலே வேண்டாம். 150 ஏஹெச் லித்தியம் பேட்டரி ஒன்றில் 1.9 யூனிட் நிற்கும், நடுவில் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தாலும் சமாளித்துவிடும். ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்தபடி நாலு நாள் அசையாமல் உட்காரப் போகிறீர்கள், அல்லது கொல்லிமலையில் யாருடைய தோட்டத்திலாவது ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. மூன்றாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். அப்போது பேனல்தான் வழி. அதற்காக இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு சார்ஜ் ஏற்றாதீர்கள். டீசலும் போகும், குறைந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் கொஞ்சம், பக்கத்தில் தூங்குகிறவர்கள் சாபமும் கிடைக்கும்.

நிற்கிறவர்களுக்கு எத்தனை வாட் வேண்டும்? தமிழ்நாட்டில் ஒரு நாள் வெயிலை முழு வெயிலாகச் சுருக்கினால் சராசரி ஐந்து மணி நேரம். ஆனால் கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பேனல் அட்டையில் போட்ட வாட்டைக் கொடுக்காது. அந்த வாட் சோதனைக் கூடத்தில், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் கூரையில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் இறங்கும், அதிலேயே ஏழில் ஒரு பங்கு போயிற்று. தூசி, வயர், சாய்ந்த வெயில் எல்லாம் கழித்தால் எழுபது சதவீதம் கையில் வரும். அதன்படி ஒரு யூனிட்டுக்கு 285 வாட், கடையில் கிடைக்கிற அளவில் 300 வாட். பாடி பில்டர் சொன்ன 400 ஒன்றும் அபத்தமான எண் இல்லை, அவர் சொன்ன காரணம்தான் தவறு.

நானாக இருந்தால் இப்போது டிசி-டிசி சார்ஜரும் நல்ல லித்தியம் பேட்டரியும் போடுவேன். கூடவே, கூரையிலிருந்து பேட்டரி பெட்டி வரை ஒரு கான்ட்யூட் குழாயை உள்ளுக்குள் ஓட்டி, வயரையும் போட்டு மூடி வைத்துவிடுவேன், ஏனென்றால் உள் பிளைவுட் எல்லாம் அடித்து முடித்த பிறகு வயர் ஓட்டுவதுதான் பணத்தைத் தின்னும் வேலை. பேனல் இந்த மொத்தக் கணக்கிலேயே மலிவான சாமான், எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரு சீசன் சுற்றிவிட்டு வாருங்கள். எங்கெங்கே நின்றீர்கள், பேட்டரி எந்த நாளில் தீர்ந்தது என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். உங்கள் மகன் சொன்னது இப்போதைக்குச் சரி, ஆனால் அவர் சொன்ன காரணமும் சரியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, வேன் பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் பழைய பாணியில் ஒரு ரிலேயை (தானாக ஆன் ஆகும் சுவிட்ச்) மட்டும் வைத்து வண்டி பேட்டரியையும் வீட்டுச் சாமான் பேட்டரியையும் இணைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜை அவ்வப்போது இறக்கிக்கொள்ளும், பேட்டரி பாதி சார்ஜிலேயே நிற்கும். பழைய வண்டியிலும் லித்தியம் பேட்டரியை நேராக இணைத்தால் அது கிடைத்ததையெல்லாம் உறிஞ்சப் பார்க்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும். டிசி-டிசி சார்ஜர் இரண்டு தொல்லையையும் தடுக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அதையே வேனில் வைத்துக்கொண்டு பேனல் மட்டும் போட்டால் செலவு மிச்சமாகுமே அண்ணா?
– திருநெல்வேலி வாசகர்

மிச்சமாகும் தம்பி, ஆனால் வைக்காதீர்கள். அது ஓரமாக, அசையாமல் உட்காரவென்று செய்தது. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, உள்ளே ஆசிட், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அதை நீங்கள் படுத்துத் தூங்கும் கட்டிலுக்கு அடியில், கதவு ஜன்னல் மூடிய வேனில் வைப்பீர்களா? திடீரென்று பிரேக் போட்டால் எங்கே போய் இடிக்கும் என்றும் யோசியுங்கள். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால், அட்டையில் 1.8 யூனிட் என்று கணக்கு வந்தாலும் கைக்கு வருவது 0.9. நூறு ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று 1.2 யூனிட்டுக்குப் பக்கத்தில் கொடுக்கும், எடை பன்னிரண்டு கிலோ சுமார். பணம் எதில் போட வேண்டும் என்றால் இதில் போடுங்கள். பழையதை வீட்டிலேயே இருக்க விடுங்கள், கரண்ட் போகும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு ஃபேன் ஓடட்டும்.

வீட்டு மாடியில் சோலார் போட்டபோது 540 வாட் பேனல் ஒன்று மிச்சமாகிவிட்டது. டிராவலர் கூரையில் ஏற்றிவிடலாமா? எலக்ட்ரீஷியன் "12 வோல்ட்டுக்கு ஆகாது" என்கிறார்.
– மதுரை வாசகி

ஆகும் அம்மா, நடுவில் வைக்கிற சார்ஜ் கன்ட்ரோலர் சரியானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பேனல் 41, 42 வோல்ட்டில் 13 ஆம்பியர் கொடுக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலரை மாட்டினால், அது பேனலை இழுத்துக்கொண்டு வந்து பேட்டரியின் 13 வோல்ட்டில் நிறுத்திவிடும். பதின்மூன்றை பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 540 வாட் பேனல் 170 வாட் பேனலாகிவிட்டது. அதோடு, வெறும் பேனல் 49 வோல்ட்டுக்குப் போகும் என்பதால் சின்ன கன்ட்ரோலர் புகைந்தும் போகலாம். எம்பிபிடி வகையில், 100 வோல்ட் தாங்கும், 40 ஆம்பியர் கொடுக்கும் கன்ட்ரோலர் வாங்குங்கள். அது அதிக வோல்ட்டை அதிக ஆம்பியராக மாற்றிக் கொடுத்துவிடும்.

எனக்கு யோசனையாக இருப்பது கூரைதான். அந்தப் பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ. மாடியில் அசையாமல் நிற்கச் செய்த பெரிய கண்ணாடி அது. வண்டி குதிக்கும்போது கூரை ஒரு பக்கம் முறுக்கும், பேனல் இன்னொரு பக்கம் முறுக்கும். நேராகக் கூரைத் தகட்டில் வைக்காமல், கூரையின் குறுக்குச் சட்டங்களில் ஊன்றிய கேரியர் ஒன்றைச் செய்து அதன்மேல் ஆறு இடத்திலாவது பிடிக்கச் சொல்லுங்கள். அடியில் நாலு விரல் காற்று போக இடம் விடுங்கள், சூடு இறங்கும். முன் ஓரத்தில் காற்று அடியில் புகுந்து தூக்காதபடி ஒரு சாய்வுத் தகடு வைத்தால் நல்லது, பைபாஸில் எண்பது தொண்ணூறில் போகும்போது அந்தப் பரப்பளவு சும்மா இருக்காது. கூரையில் துளை போட்டால் ஒவ்வொரு துளையும் ஐப்பசி மழையில் உங்களைத் தேடி வரும், வண்டிகளுக்கென்று வரும் பாலியூரித்தேன் சீலன்ட் போட்டு அடைக்கச் சொல்லுங்கள், வீட்டுக்குப் பூசும் சிலிக்கான் போதாது.

சிலர் வளையும் பேனலைக் கூரையோடு ஒட்டிவிடலாம் என்பார்கள். பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் அடியில் காற்றே இல்லாமல் தகரத்தோடு சேர்ந்து வேகும், கண்ணாடிப் பேனலின் ஆயுளில் பாதிகூட வராது. எனக்குப் பிடிப்பதில்லை.

ஈக்கோ வண்டியின் பின் சீட்டை மடக்கிப் படுத்துக்கொண்டு, லேப்டாப்பில் வேலை பார்த்தபடி ஊர் ஊராகப் போகிறேன். தனி ஆள். கூரையில் பேனல் போடுவதா, மடக்கும் பேனலும் பவர் ஸ்டேஷனும் (பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டியில்) வாங்குவதா?
– சென்னை வாசகர்

உங்களுக்கு மடக்கும் பேனல்தான். கூரையில் பேனல் இருந்தால் பேனலுக்காக வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டும், வண்டி அடுப்பாகிவிடும், உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் நீங்கள் பிழைப்பீர்கள், பேனல் செத்துவிடும். நிழல் விஷயத்தில் பேனல் ரொம்பவும் கறார்: மூலையில் ஒரு கிளையின் நிழல் விழுந்தால் அந்த மூலை மட்டும் குறையாது, உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ படுத்துவிடும். மடக்கும் பேனலை ஐந்து மீட்டர் வயரில் வெயிலில் விரித்துவிட்டு, நீங்கள் நிழலில் இருக்கலாம். வெயில் நகர நகர அதையும் திருப்பி வைக்கலாம்.

லேப்டாப், போன், ஒரு ஃபேன், ஒரு விளக்கு என்றால் அரை யூனிட் பவர் ஸ்டேஷன் போதும், நூறு வாட் பேனல் போதும். வாங்கும் முன் ஸ்டேஷனின் சோலார் இன்புட் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பாருங்கள், பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது அது காட்டும் வோல்டேஜ், அதற்குக் கீழே இருக்க வேண்டும். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலும் சார்ஜ் ஏறும், ஆனால் நூறு, நூற்றிருபது வாட்டுக்கு மேல் வராது, நாலைந்து மணி நேரம் ஓட்டினால்தான் நிறையும். விரித்த பேனலை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். காற்றும் தூக்கிப் போகும், ஆளும் தூக்கிப் போவான். மூடிய வண்டிக்குள் ஸ்டேஷனை மத்தியான வெயிலில் விட்டுவிட்டுப் போவதும் பேட்டரிக்கு நல்லதில்லை.

மெல்பர்னில் இருக்கிறோம். பாப்-டாப் கேரவன் (கூரையை மேலே தூக்கிக்கொள்ளும் வகை) ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம், கூரையில் 200 வாட் பேனல் இருக்கிறது. பிள்ளைகளின் ஜூலை விடுமுறைக்கு கிராம்பியன்ஸ் மலைப்பகுதிக்குப் போனபோது இரண்டாம் நாளே பேட்டரி தீர்ந்துவிட்டது. பேனல் பழுதா, இன்னொன்று போட வேண்டுமா?
– மெல்பர்ன் வாசகி

பேனல் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு, பருவம்தான் காரணம். அங்கே ஜூன், ஜூலையில் தட்டையாகக் கிடக்கும் பரப்புக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேர முழு வெயில்கூடக் கிடைப்பதில்லை, ஜனவரியில் அதுவே ஆறு மணி நேரத்தைத் தாண்டும். அதே 200 வாட், ஜனவரியில் ஒரு யூனிட்டுக்குப் பக்கத்தில் கொடுத்தது ஜூலையில் 0.3 யூனிட் கொடுக்கும். அதோடு யூகலிப்டஸ் மரங்களுக்கு அடியில் நிறுத்தியிருப்பீர்கள், அதுவும் சேர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே போவதால் பேனல் தட்டையாக இருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. உங்களுக்குக் குளிர்காலத்தில் சூரியன் வடக்கே தாழ்வாகப் போகும். அதனால் கூரையில் இன்னொரு தட்டைப் பேனல் சேர்ப்பதைவிட, தரையில் வடக்கு பார்த்து நன்றாக நிமிர்த்தி வைக்கும் மடக்குப் பேனல் ஒன்று வாங்கினால் அதே வாட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். காரிலிருந்து ஆண்டர்சன் பிளக் (அதிக ஆம்பியர் தாங்கும் இணைப்பு) வழியாக கேரவனுக்கு டிசி-டிசி சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கேரவன்களில் பல சமயம் இருக்காது.

ஆனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம்தான் போகிறீர்கள், அதுவும் பள்ளி விடுமுறையில், பெரும்பாலும் கேரவன் பார்க்கில் பவர்டு சைட் (பிளக் பாயின்ட் உள்ள இடம்) எடுத்துத்தான் தங்குகிறீர்கள் என்றால் ஒன்றுமே வாங்காதீர்கள். 15 ஆம்பியர் வயரைச் செருகினால் எல்லாம் ஓடும். ஹீட்டரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, மின்சார ஹீட்டர் பேட்டரியில் ஓட்டியிருந்தால் காரணம் அதுவேதான். டீசல் ஹீட்டர் வைத்தால் சூடு டீசலில் வந்துவிடும், கரண்ட் ஃபேனுக்கும் பம்புக்கும் மட்டும், ராத்திரிக்கு கால் யூனிட் சுமார். பேட்டரியை லித்தியமாக மாற்றும் எண்ணம் இருந்தால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். 2022-இல் வந்த ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து விதியில், ஆட்கள் புழங்கும் பகுதிக்குள் லித்தியம் பேட்டரி வைப்பதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

நண்பர்கள் நாலு பேர் கேம்பரில் லடாக் போகிறோம். கூரையில் 100 வாட் பேனல் இரண்டு சீரீஸில் (ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து) மாட்டியிருக்கிறோம், லித்தியம் பேட்டரி. அங்கே வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– ஓசூர் வாசகர்

வெயில் பற்றிக் கவலை வேண்டாம், அந்த உயரத்தில் வானம் துடைத்தாற்போல் இருக்கும், பேனலும் குளிர்ச்சியாக இருப்பதால் நம் ஊரைவிட நன்றாகவே கொடுக்கும். கவனிக்க வேண்டியது இரண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல் உள்ளுக்குள் கெட்டுவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. உங்கள் பேட்டரியின் பிஎம்எஸ்ஸில் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) குளிர் கட்-ஆஃப் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் காலை வெயில் பேனலில் விழும் நேரத்தில் பேட்டரி இன்னும் உறைந்திருக்கும், அதுதான் ஆபத்தான வேளை. பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல் நீங்கள் தூங்கும் பகுதியின் சூட்டிலேயே இருக்கும்படி வையுங்கள், பேனலுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, வண்டி உள்ளே சூடான பிறகு போடுங்கள்.

இரண்டாவது, குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். இரண்டு பேனல் சீரீஸில் 44 வோல்ட் என்றால் மைனஸ் பத்து டிகிரியில் 48-ஐத் தாண்டும். கன்ட்ரோலர் 50 வோல்ட் தாங்குவது என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள், வோல்டேஜ் கூடாதபடி பேரலலாக (பக்கவாட்டில் இணைத்து) மாற்றிக்கொள்ளுங்கள். 75 அல்லது 100 வோல்ட் கன்ட்ரோலர் என்றால் அப்படியே விடலாம்.

பேனல் போட்டால் ஆர்டிஓவில் பிரச்சினை வருமா?
– ஈரோடு வாசகர்

பேனலைவிட உள்ளே நீங்கள் செய்த வேலைதான் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. பன்னிரண்டு சீட் என்று பதிவான வண்டியில் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால் அது மாற்றம்தான். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தனி விதிமுறையே இருக்கிறது. வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேனல், பேட்டரி போட்டதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். நாளைக்குத் தீப்பிடித்தால் முதலில் அவர்கள் தேடுவது சொல்லாமல் செய்த வயரிங்கைத்தான். தீ என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பு கிடையாது. 2000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்பியர் இழுக்கும், வீட்டு வயரிங்குக்கு வாங்கிய மிச்ச வயரெல்லாம் அதற்கு ஆகாது.

மாடியில் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்கிறார்களே, வேனுக்கும் கிடைக்குமா?
– தஞ்சாவூர் வாசகர்

கிடைக்காது. 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டம் இபி லைனோடு இணைந்த வீட்டுக் கூரைக்கு மட்டும், அதுவும் மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால்தான் அந்த 78,000. வேனுக்கு உள்ள ஒரே சலுகை, 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. கடைக்காரர் பில்லில் இன்னும் 12 போட்டால் கேளுங்கள்.

கொடைக்கானலில் இரண்டு நாள் நிறுத்தியிருந்தோம். குரங்குகள் கூரையில் ஏறி பேனல் வயரைக் கடித்துக் குதறிவிட்டன. என்ன செய்வது?
– திண்டுக்கல் வாசகி

பேனலுக்கு அடியில் தொங்கும் வயர் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது அம்மா. எம்சி4 கனெக்டர்களை (பேனல் வயர்களை இணைக்கும் பிளக்) பேனல் ஃப்ரேமின் உள்பக்கம் தள்ளி ஸ்டீல் கிளிப்பால் கட்டுங்கள், பிளாஸ்டிக் டை வெயிலில் ஒரு வருஷத்தில் உதிர்ந்துவிடும். கூரைக்குள் இறங்கும் இடம் வரை வயரை இரும்பு ஃப்ளெக்சிபிள் குழாய்க்குள் விடுங்கள். கடிபட்ட வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழுக்க மாற்றிவிடுங்கள். வெயிலில் பேனல் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், வேலை செய்யும்போது பேனல் மேல் கனமான போர்வை ஒன்றைப் போட்டு மூடிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். அப்புறம், கூரையில் நின்று குரங்குக்கு வாழைப்பழம் போடும் குழந்தைகளையும் கொஞ்சம் கண்டியுங்கள்.